போத்தலில் வந்த சாயத்தண்ணி

தேயிலை எந்த வாடையையும் இழுத்துக்கொள்ளும். அதனால் மலையகத்தில் கந்தப்பளைப் பக்கம் எங்கள் தோட்டத்து ஃபேக்டரிக்குள் பூ, பவுடர், வாசனைச் சோப்பு எதற்கும் இடமில்லை. பதினாறு வருஷம் அங்கே தூள் சலித்த மூக்கு என்னுடையது. தொண்ணூறுகளின் கடைசியில் என் வீட்டுக்காரரின் மூத்திர வாடை மாறியதை அதுதான் பிடித்தது. நனைந்த துருத் தகரம் மாதிரி ஒரு வாடை.

"ஒங்க மூத்திரம் சரியில்லைங்க. ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"போடி, மூத்திரம் பின்ன மல்லிகைப்பூவாட்டமா மணக்கும்?" என்று சிரித்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விடுவேனா? மறுநாள் காலை கழுவிய மருந்துப் போத்தலை அவர் கையில் திணித்து, நிரப்பித் தரச் சொல்லி, தோட்டத்து டிஸ்பென்சரிக்குக் கொண்டுபோனேன். அங்கே மருந்து கொடுக்கிற ஐயா போத்தலைத் தூக்கிப் பார்த்து, "நெறம் கொஞ்சம் கடும். தண்ணி நெறைய குடிக்கச் சொல்லு" என்றார்.

நான் மூடியைத் திறந்து மோந்தேன். அட பாவி மனுசா! சாயத்தண்ணி, பால் ஊற்றாத வெறும் தேத்தண்ணி. அதுவும் நாங்கள் சலித்த டஸ்ட் தூள். தூள் சலிக்கிறவளைத் தேயிலையால் ஏமாற்றப் பார்த்திருக்கிறார்! இன்றைக்கும் இந்தப் பேச்சை எடுத்தால் எழுந்து வெளியே போய்விடுவார்.

அடுத்த நாள் நான் வேலைக்குப் போகவில்லை. "நீங்களா வாறீங்களா, லயத்து வீடெல்லாம் பாக்க இழுத்துட்டுப் போகவா?" என்றேன். வந்தார்.

டவுன் ஆஸ்பத்திரியில் யாழ்ப்பாணத்து டாக்டர் ஒருவர். வாடை என்றதும் அவர் சிரிக்கவில்லை. "வாடையை மட்டும் வச்சுச் சொல்லேலாது. சோதிச்சுப் பாப்பம்" என்றார். மூத்திரத்தில் ரத்தம் போகிறதா என்று கேட்டதற்கு என் வீட்டுக்காரர் இல்லையென்று தலையாட்டினார். மூத்திர வாடையை வைத்து நாய்களும் மெஷின்களும் நோயைத் தேடுவதாகப் பிற்பாடு ரேடியோவில் கேட்டேன். அன்று அந்த டாக்டர் சிரிக்காததே எனக்குப் பெரிசாக இருந்தது.

மூத்திர வழியில் குழாய் விட்டுப் பார்த்த பிறகு டாக்டர் எங்களைக் கூப்பிட்டார்.

"மூத்திரப்பையில சின்னக் கட்டி ஒண்டு இருக்கு. புற்றுநோய்தான். ஆனா வெட்டி எடுக்கலாம்." பிறகு என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பி, "இப்ப உண்மையைச் சொல்லுங்கோ. எவ்வளவு நாளா ரத்தம் போகுது?"

"நாலு மாசமாங்க." அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "சொன்னா இவ ஒடஞ்சு போயிருவான்னுதான்..."

நாலு மாசம்! ஒரே பாயில் படுத்துக்கொண்டு, தனியாகப் பயந்திருக்கிறார்.

"நான் ஒடைய மாட்டேன்" என்று அவரிடம் சொல்லிவிட்டு, டாக்டரைப் பார்த்தேன். "எப்பங்க வெட்டுவீங்க?"