அசையாமல் நின்ற கூட்டாளி

போன வருடம் ஆடி மாதம், மயிலாப்பூரில் எங்கள் தெருவில் நடந்தது இது. மதியம் இரண்டரைக்கு மேல் வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள். அப்போதுதான் நான் மொபைலில் துப்பாக்கிச் சண்டை கேம் ஆடுவேன். நாற்பத்தாறு வயதில் இது தேவையா என்று கேட்காதீர்கள், என் கணவரே கேட்டு ஓய்ந்துவிட்டார்.

அக்கம்பக்கத்தில் ஆடுகிறவர்களைக் காட்டும் வசதி அந்த கேமில் உண்டு. அதில் கிடைத்தவர்தான் என் கூட்டாளி. பேரும் முகமும் தெரியாது, குரல் மட்டும் இயர்போனில் வரும். நான் மைக்கைத் திறக்கவே மாட்டேன். ஒரு ஆன்ட்டி என்று தெரிந்தால் கழற்றி விட்டுவிடுவாரே! அதனால் அவருக்கு நான் 'தம்பி'. "தம்பி, பின்னாடி ஒருத்தன் வந்துக்கினு கீறான், பாத்துக்கோ" என்பார்.

அன்று எதிரணியில் இரண்டே பேர் பாக்கி. திடீரென்று கூட்டாளி வெட்டவெளியில் அப்படியே நின்றுவிட்டார். "ஒரு மாதிரி கீது தம்பி..." என்று முனகியவர், பிறகு பேசவில்லை. புஸ் புஸ்ஸென்று மூச்சு மட்டும் கேட்டது. எனக்கு வந்ததே கோபம். ஜெயிக்கிற நேரத்தில் சொதப்புகிறாரே மனுஷன் என்று திட்டிக்கொண்டே, நான் என்ன செய்தேன் தெரியுமா? அசையாமல் நின்ற அவர் உருவத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு சுட்டேன். இரண்டு நிமிடமாவது இருக்கும்.

அப்போது வெங்காய வண்டியின் ஒலிபெருக்கிச் சத்தம் இயர்போனில் கேட்டது. ஜன்னல் வழியாகவும் அதே சத்தம். தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. என் மைக் மூடியிருக்கும்போது என் தெருச் சத்தம் எப்படி போனுக்குள் வரும்? இயர்போனைக் கழற்றினேன், மாட்டினேன், மறுபடி கழற்றினேன். இயர்போனில்தான் சத்தம் அதிகம். அப்படியானால் வண்டி நிற்பது அவர் வாசலில். என் தெருவிலேயே ஒரு மனுஷன் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறார், அது விளையாட்டு இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

போனும் கையுமாக ஓடினேன். வண்டி தெருமுனையில், என் ஜாக்கெட் தைக்கும் டெய்லர் கடை முன்னால் நின்றது. பாதி இறக்கிய ஷட்டருக்குள்ளிருந்து டப் டப்பென்று துப்பாக்கிச் சத்தம். இங்கேயா? என்னிடம் 'சரிங்க மேடம்' தாண்டிப் பேசாத மாஸ்டரா? உள்ளே அவருக்கு உடம்பு சரியில்லை என்று கத்தினேன். வெங்காயக்காரர்தான் ஷட்டரைத் தூக்கினார். மாஸ்டர் வேர்த்துக் கொட்டி, கட்டிங் மேஜை மேல் சாய்ந்து கிடந்தார்.

"சுகர் மாத்திர போட்டேன்... சாப்புடல" என்று குழறினார். வெங்காயக்காரர் தன் வண்டியிலிருந்த ஜூஸ் பாட்டிலைத் திறந்து, தலையை நிமிர்த்திப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தார். கால் மணி நேரத்தில் முகம் தெளிந்தது. கண்ணைத் திறந்ததும் என்னைப் பார்த்துப் பதறினார்.

"மேடம், ஜாக்கெட் நாளைக்குக் கண்டிப்பா குடுத்துடறேன்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அவர் பார்வை என் கையிலிருந்த போனுக்குப் போனது, தன் மேஜைமேல் இருந்த போனுக்குப் போனது. இரண்டிலும் ஒரே ஆட்டத்தின் முடிவுத் திரை.

"தம்பி... நீங்களா?" என்றார். தலையை மட்டும் ஆட்டினேன்.

அதற்குப் பிறகு கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், "இந்த மேடம் இல்லேன்னா நான் இல்ல" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் பல்லை இளித்துக்கொண்டு நிற்கிறேன். அந்த இரண்டு நிமிடத்தைப் பற்றி இதுவரை வாய் திறக்கவில்லை. அவர் கையெடுத்துக் கும்பிடும்போதெல்லாம், அன்று அவரைத் தேடி ஓடினவள் நிஜமா, அவர் மூச்சைக் காதில் வாங்கிக்கொண்டே அவருக்குப் பின்னால் ஒளிந்தவள் நிஜமா என்று இன்றுவரை எனக்கே விளங்கவில்லை.