ஐயாசாமி பற்றவைத்த வயர்

சிவானந்தா காலனியில் ஐயாசாமி பற்றவைத்த வயர் பிரிந்துபோனதாக யாரும் சொன்னதில்லை. மற்ற எலக்ட்ரீசியன்கள் அறுந்த வயரை முறுக்கி, டேப் சுற்றி, வண்டியை அனுப்பிவிடுவார்கள். ஐயாசாமிக்கு அது ஆகாது. செம்பை உப்புத்தாளால் தேய்த்து, ஒவ்வொரு இழையும் ஈயம் குடிக்கும்வரை காத்திருந்து, மேலே ரப்பர் குழாய் மாட்டி, இரண்டு முனையையும் பசையால் அடைப்பார். "தண்ணிக்குள்ள போட்டு வெச்சாலும் ஒரு பொட்டுக் காத்து உள்ள போகாதுங்க" என்பார். அவர் தன்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொண்டது அது ஒன்றுதான்.

கிணத்துக்கடவுப் பக்கம் தென்னந்தோப்புகளுக்குக் கூலிக்குப் போன குடும்பம். எட்டாவது முடிக்காமல் கோவைக்கு வந்து, பஸ் பாடி கட்டும் பட்டறையில் வயர் இழுக்கக் கற்றுக்கொண்டார். நாற்பத்தேழு வயதில் அவருக்கென்று இருந்தது ரசாக்கின் மெக்கானிக் ஷெட்டில் ஒரு மூலை. மழை பெய்தால் அந்த மூலைக்குத்தான் முதலில் தண்ணீர் வரும். ஸ்டியரிங்குக்கு அடியில் மல்லாந்து படுத்தால், எழுந்திருக்கும்போது முதுகு தனியாக யோசித்து ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

அப்போதுதான் வெங்கடபதியின் கார் வந்தது. ஆர்.எஸ்.புரத்துக்காரர். அவினாசி ரோட்டில் புது சர்வீஸ் ஸ்டேஷன் கட்டிக்கொண்டிருந்தார். தொண்ணூற்றொன்பதாம் வருஷம் தீபாவளிக்குத் திறப்பு.

"ஏப்பா ஐயாசாமி, இந்தக் காரைச் சரிபண்ணிக் குடு. அங்க எலக்ட்ரிக்கல் செக்சன் உன்றது. யூனிபார்ம், இஎஸ்ஐ எல்லாம் உண்டு."

அன்று சாயங்காலமே அவர் மனைவி மாரியாத்தாள் தன் தங்கைகளுக்குச் சொல்லிவிட்டாள். "உங்க மச்சான் இனி வெய்யில்ல வேல செய்ய மாட்டாரு. சட்டையில பேரு தச்சுக் குடுப்பாங்களாமா."

கார் பன்னிரண்டு வயதான ஜப்பான் கார். வெங்கடபதியின் மைத்துனர் சிங்கப்பூரிலிருந்து அனுப்பியது. அதில் கார்புரேட்டர் கிடையாது. புகைக்குழாயில் விரல் நீளத்துக்கு ஒரு ஆக்சிஜன் சென்சார் உட்கார்ந்து, போகிற புகையை மோந்து பார்த்துக் கம்ப்யூட்டர் பெட்டிக்குச் சொல்லும். அது சொல்வதைக் கேட்டுத்தான் பெட்டி பெட்ரோலை அளந்து விடும். எலி அந்த வயரைக் கடித்துவைத்திருந்தது. சென்சாரும் செத்திருந்தது. கரும்புகை, டாஷ்போர்டில் அணையாத விளக்கு.

மைத்துனர் இரண்டு புது சென்சார் அனுப்பினார். பிளக் இல்லை, வெறும் வயர்தான். கூடவே இடுக்கியால் நசுக்கி இணைக்கச் சின்னச் சின்னப் பித்தளைக் குழல்கள். ஐயாசாமி அவற்றை ஓரமாக ஒதுக்கினார். "நசுக்கி வெக்கறதெல்லாம் ஒரு வேலைங்களா" என்று தன் வழக்கப்படியே பற்றவைத்து, பசை வைத்து அடைத்தார்.

முதல் நாள் மீட்டரில் எண்கள் ஆடின. மேலே போய்க் கீழே வந்தன, உயிருள்ள சென்சாருக்கு அடையாளம் அந்த ஆட்டம். மூன்றாம் நாள் ஆட்டம் நின்று, எண் அடியில் படுத்துவிட்டது. மறுபடி கரும்புகை.

டிரைவர் முஸ்தபாவைக் கூப்பிட்டார். "பாய், ஈயம் கலந்த பெட்ரோல் எங்கியாச்சும் ஊத்துனீங்களா? அது இந்தச் சென்சாரைக் கொன்னுபோடும்."

"அட, ஈயமில்லாத பெட்ரோலுக்குன்னே ஊரைச் சுத்தறேன் அண்ணே. எம் பொண்டாட்டிக்கு மருந்து வாங்கக்கூட இவ்வளவு தூரம் போனதில்ல."

எர்த் பார்த்தார். சென்சாரிலிருந்து கம்ப்யூட்டர் பெட்டிவரை ஒவ்வொரு வயராக மீட்டர் வைத்து, குலுக்கிக் குலுக்கிப் பார்த்தார். எங்கும் அறுப்பு இல்லை. தன் இணைப்புகளைப் பார்த்தார். குறை சொல்ல ஒன்றுமில்லை. சென்சார் பீஸ்தான் கோளாறு என்று முடிவுகட்டி, அதைக் கழற்றிவிட்டு இரண்டாவதைப் போட்டார். இன்னும் கவனமாக, வயரைக் கட்டையாக வெட்டி, இன்னும் அதிக ஈயம் குடிக்க வைத்தார். அது இரண்டே நாளில் படுத்தது.

வெங்கடபதியின் வீட்டு போர்ட்டிகோவில் காருக்கடியில் கிடந்தபோது, அவருடைய மகள் வரலட்சுமி கல்லூரிக்குப் பாடம் நடத்தக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க அம்மணி, இந்தத் தாள்ல என்ன எழுதியிருக்குதுன்னு கொஞ்சம் பாருங்க. சென்சார் டப்பாவுல இருந்துச்சு. இங்கிலீசு."

அவள் நின்றபடியே வாசித்தாள். பிறகு படியில் உட்கார்ந்து திரும்ப வாசித்தாள்.

"வயரைப் பற்றவைக்கக் கூடாதுன்னு போட்டிருக்குதுங்க. அதுக்குள்ள ஒண்ணைக் கட்டம் கட்டிப் போட்டிருக்காங்க. இந்தச் சென்சார் வெளிக்காத்தையும் புகையையும் ஒப்பிட்டுத்தான் அளக்குமாம். அந்த வெளிக்காத்து வயருக்குள்ள, இழைகளுக்கு நடுவால உள்ள போகுதாம். ஈயமோ பசையோ அடைச்சா..."

"வயரு மூச்சு விடுமுங்களா, அம்மணி?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் நின்றது.

ஐயாசாமி காரைப் பார்த்தார். முப்பது வருஷமாகக் காற்றுப் புகாமல் அடைத்ததற்காகவே அவரைத் தேடி வந்தார்கள். இது ஒன்றுக்குத்தான் காற்று வேண்டியிருந்திருக்கிறது. வயரை வெட்டிக் குழலில் நசுக்கலாம் என்றால், வெட்டுவதற்கு மிச்சமில்லை. கட்டையாக வெட்டிய வயரில் ஈயம் உள்ளே ஏறி, சென்சாரின் கழுத்துவரை விறைத்துக் கிடந்தது. முதல் பீஸை அவர் கழற்றிய அன்றே ரசாக் பழைய இரும்போடு போட்டுவிட்டிருந்தார்.

"நான் அப்பாகிட்டச் சொல்ல மாட்டேனுங்க," என்றாள் வரலட்சுமி. தாளை மடித்து அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

முஸ்தபா பக்கத்தில் வந்து குந்தினார். "டூப்ளிகேட் பீஸுன்னு சொல்லிப்போடுங்க அண்ணே. சிங்கப்பூர்லயும் திருட்டுக் கம்பெனி இருக்குது. மொதலாளிக்கு மச்சான் மேல ஏற்கெனவே கோபம். டக்குன்னு நம்பிக்குவாரு."

ஐயாசாமி அதையும் யோசிக்காமல் இல்லை. அந்தச் சட்டையையும் யோசித்தார். ஆனால் மூன்றாவது பீஸ் வரும். அதையும் அவர்தான் மாட்ட வேண்டும். நசுக்கி மாட்டி அது ஓடிவிட்டால், முதல் இரண்டும் எப்படிச் செத்தன என்பதை அவர் மட்டும் தினமும் அந்த சர்வீஸ் ஸ்டேஷனுக்குள் சுமந்துகொண்டு நடக்க வேண்டும். அது ஆகாது என்று பட்டது. இன்னொன்றும் இருந்தது, அதை முஸ்தபாவிடம் சொல்லவில்லை: உண்மையைச் சொன்னால், 'காரணத்தைக் கண்டுபிடிச்சவன் நீதானே' என்று மொதலாளி மெச்சிச் சொல்லக்கூடும்.

வெங்கடபதி பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஐயாசாமி படிக்குக் கீழே நின்று எல்லாவற்றையும் சொன்னார். வயர் வழியாகக் காற்று போவதைச் சொன்னபோது அவர் குரலில், அவருக்கே தெரியாமல், கொஞ்சம் வியப்பு ஏறியது.

"ரெண்டுமே என்ற கை கெடுத்ததுங்க. இனிமேப்பட்டுத் தெரியுமுங்க."

வெங்கடபதி கோபப்படவில்லை. அதுதான் ஐயாசாமிக்குப் பயமாக இருந்தது.

"தாளு டப்பாவுக்குள்ளயே இருந்துதா?"

"இருந்துதுங்க."

"முன்னாடியே யார்கிட்டயாச்சும் குடுத்துப் படிக்கச் சொல்லலையா?"

"வயருதானுங்களேன்னு இருந்துபோட்டேனுங்க."

"அங்க வர்ற வண்டி எல்லாமே தாளோடதான் வரும் ஐயாசாமி." பேப்பரை மடித்து வைத்தார். "நீ ஒளிவுமறைவில்லாமச் சொன்னது சந்தோசம். ஆனா அந்தச் செக்சனுக்கு மெட்ராஸ்ல இருந்து ஒரு டிப்ளமோக்காரரை வரச்சொல்லியிருக்கேன். உன்ன விட்டுற மாட்டேன். ஹார்ன், பாட்டுச் செட்டு மாட்டற வேலை இருக்குது. வெளியில, ஷெட்டுக்குக் கீழ. யூனிபார்ம் அந்த வேலைக்குக் கிடையாது."

ஐயாசாமி தலையாட்டினார். தலை அதுவாகவே ஆடியது போலிருந்தது.

"எப்போ வரட்டுங்க?"

"திறப்புக்கு அப்பறம் சொல்லியனுப்பறேன். இந்தக் காரை இனித் தொட வேண்டாம், அந்த டிப்ளமோக்காரரே பாத்துக்குவாரு."

சாமான் பையை எடுக்கப் போர்ட்டிகோவுக்குத் திரும்பினார். கார் இன்னும் ஜாக்கி மேல் நின்றது. அதை இறக்குவது தொடுவதில் சேருமா என்று தெரியவில்லை. சற்று நின்று, முஸ்தபாவைக் கூப்பிட்டு, அவரை இறக்கச் சொன்னார்.