நான்காவது கோப்பை

இன்று காலை பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் யாரோ ஒருவரின் போனில் அந்தப் பாட்டு ஓடியது. மூன்று ணங், நான்காவது டொக். டம்ளரைக் கீழே வைத்தேன். அந்த டொக் என்னுடையது. சொன்னால் நீங்களாவது நம்புவீர்களா?

அப்போது பீங்கான் கம்பெனியில், சூளையிலிருந்து இறக்கிய கோப்பைகளை விரலால் சுண்டிப் பார்ப்பது என் வேலை. நல்லது ணங்கென்று பாடும். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் டொக். அஞ்சாம் கிளாஸோடு நின்றவனுக்குக் காது மட்டும் கெட்டி. நாளெல்லாம் சுண்டினால் வாய் சும்மா இருக்குமா? நாலு பேர் பார்த்தால் உள்ளே ஓடிவிடும் நாக்கு, கோப்பைகள் முன்னால் பாடும்.

கல்யாணமான புதிது. அவள் முகத்தைப் பார்த்துப் பேசவே கூச்சம். அவளுக்காக ஒரு பாட்டுக் கட்டினேன். சூளை ஆறும்வரை கோப்பையைத் தொடக்கூடாது அல்லவா? 'ஆறட்டும், அப்புறமா தொடறேன்' என்றுதான் ஆரம்பம்.

பெட்டி கட்டும் கதிர் அதைக் கேட்டுவிட்டான். துபாயிலிருந்து கிட்டாரோடு திரும்பியவன்.

"மாமா, இன்னொரு தபா பாடுங்க." போனை நீட்டினான்.

"எதுக்குடா? அவளுக்கே இன்னும் பாடிக் காட்டல."

"சும்மா ஞாபகத்துக்கு. யாருக்கும் போட்டுக் காட்ட மாட்டேன், அக்கா மேல சத்தியம்."

"எம் பொண்டாட்டி மேல நீ ஏண்டா சத்தியம் பண்ற?"

சிரித்தோம். பாடினேன். சுண்டிக்கொண்டே பாடிய பதற்றத்தில், விரிசலென்று கழித்துப்போட்ட கோப்பை ஒன்று நான்காவதாக வரிசையில் கலந்ததைக் கவனிக்கவில்லை.

பிறகு கதிர் சென்னைக்குப் போனான். மறுவருடம் ஆல்பம் வந்தது. எட்டுப் பாட்டு, டிரம், எலக்ட்ரிக் கிட்டார், நடுவே என் பாட்டும் கோப்பைகளும். பாட்டு, இசை, குரல் எல்லாம் கதிர் என்று போட்டிருந்தது. பக்கத்து ஊர் மங்கலம்பேட்டை வரைக்கும் என் பாட்டுதான் ரிங்டோன். 'நான்காவது தட்டலில் மனசு உடைகிறது, என்ன கற்பனை!' என்று பேப்பரில் எழுதியிருந்ததைக் கம்பெனியில் ஒருவர் சத்தமாகப் படித்தார். டிவியில் கதிர், "தனியா உக்காந்து யோசிச்சதுங்க" என்றான். "நம்ம கதிருப்பா!" என்று எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

அன்று சாயங்காலம் எங்கிருந்தோ தைரியம் வந்தது. அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் முன்னால் உட்கார்ந்து, டம்ளரைச் சுண்டி முதல் வரியைப் பாடினேன்.

முறத்தை வைத்துவிட்டுச் சிரித்தாள். "இன்னிக்குத்தான் வாயத் தொறந்திருக்கீங்க, அதுவும் கதிரு தம்பி பாட்டா? அது மாதிரி வரலங்க."

"நல்லா இருக்குதா?"

"நல்லா இல்லாமயா? அந்தத் தம்பிக்குப் பொண்டாட்டியா வரப்போறவ குடுத்து வச்சவ."

டம்ளரை எடுத்து வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

கதிரின் பழைய நம்பரில் இப்போது வேறு யாரோ பேசுகிறார்கள். பாத்திரம் கழுவும்போது அவள் இன்னமும் அதை முணுமுணுக்கிறாள். அவளுக்குக் கட்டிய பாட்டு எப்படியோ அவளிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. எனக்குத்தான், எந்தக் கோப்பையைச் சுண்டினாலும் ஒரு வார்த்தைகூட வருவதில்லை.