இருபதுக்கு ஒன்பது

ஹைதராபாத் பாலாநகரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்த அப்பாவுக்குப் பெங்களூருக்கு மாற்றல் வந்தபோது, நான் பி.எட். சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. படிப்பை விட முடியாது என்பதால் நான் மட்டும் செகந்திராபாத்தில் ஒரு பெண்கள் விடுதியில் தங்கினேன். எழுபதுகளின் கடைசி அது. அறைத் தோழி ஒரு நர்ஸ். நான் வரும் நேரத்தில் அவள் டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருப்பாள். ஞாயிற்றுக்கிழமைகளில் யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமலே பொழுது போய்விடும்.

போவன்பள்ளியில் ஒரு பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கும் பயிற்சி கிடைத்தது. அங்கே மட்டும் நாற்பது நிமிடம் விடாமல் பேசுவேன். பாடத்தை மனப்பாடம் செய்துகொண்டு போய், பின்சுவரைப் பார்த்துச் சொல்லி முடிப்பேன். மணி அடிக்கும்போது சரியாகக் கடைசி வாக்கியத்துக்கு வந்திருப்பேன். அதில் எனக்குப் பெருமைகூட இருந்தது.

ஒருநாள் காந்தம் நடத்திவிட்டுச் சாமான்களை எடுத்து வைத்தபோது, இரண்டாவது பெஞ்சுப் பெண் கேட்டாள்.

"மிஸ், மீரு மாதோ எந்துக்கு மாட்லாடரு?"

எங்களோடு ஏன் பேசமாட்டேன் என்கிறீர்கள் என்று கேட்கிறாள். இவ்வளவு நேரம் பேசிக்கொண்டுதானே இருந்தேன் என்று எனக்குத் தெரிந்த தெலுங்கில் சொன்னேன்.

"அதி மாதோ காது," என்றாள். அது எங்களோடு இல்லை. கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு நோட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டாள். பஸ்ஸில் திரும்பும்போது அவள் பெயர் என்னவென்று யோசித்தேன். தெரியவில்லை.

வருடக் கடைசியில் ரெகார்டு நோட்டில் சுயமதிப்பீடு எழுத வேண்டும். இந்தப் படிப்பில் என்ன கற்றோம் என்று எழுதி, இருபதுக்கு நமக்கு நாமே மதிப்பெண் போட வேண்டும். மற்றவர்கள் சீனியர் ஒருத்தியின் நோட்டைப் பார்த்து எழுதினார்கள். நான் ஒரு ஞாயிறு மதியம் உட்கார்ந்து நான்கு பக்கம் எழுதினேன். படம் நன்றாக வரைகிறேன், குறிப்பு தயாரிக்கிறேன், நாற்பத்திரண்டு குழந்தைகளில் ஆறு பேர் பெயர்தான் தெரியும், பேச ஆள் இல்லாததால் வகுப்பில் பேசித் தீர்த்துக்கொண்டிருந்தேன் என்றெல்லாம். ஒன்பது போட்டுக்கொண்டேன்.

எங்கள் விரிவுரையாளர் செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழ்க் கிறிஸ்தவப் பெண்மணி. நோட்டைப் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"இதெல்லாம் டைரில எழுதும்மா. ரெகார்டுல நக்கோ, வேண்டாம். வெளியிலேர்ந்து வர்ற எக்ஸாமினர் பாத்தா, இந்தப் பொண்ணுக்கு நீங்க என்ன சொல்லிக் குடுத்தீங்கன்னு என்னத்தான் கேப்பாரு."

தன்மையாகத்தான் சொன்னார். விடுதியில் எப்படி இருக்கிறாய் என்று கேட்பார் என நினைத்து ஒரு நிமிடம் அங்கேயே நின்றேன். அவர் மேஜையில் இன்னும் முப்பது நோட்டுகள் இருந்தன. அடுத்ததை எடுத்துப் பிரித்தார். நான் அந்த நான்கு பக்கங்களைக் கிழித்துவிட்டு, எல்லோரும் எழுதியதையே எழுதிக் கொடுத்தேன். பதினெட்டு போட்டேன்; அதுவே கிடைத்தது.

தேர்வாளர் பார்க்க வந்த கடைசிப் பாடத்துக்கு நான் எதையும் மனப்பாடம் செய்யவில்லை. வெப்பம் கடத்தல். சூட்டில் கை சுட்டுக்கொண்டவர்கள் யார் என்று கேட்டேன். தெலுங்கிலும் இந்தியிலும் ஆளாளுக்குச் சொல்ல ஆரம்பித்தார்கள். என் தெலுங்கைத் திருத்திச் சிரித்தார்கள். அந்த இரண்டாவது பெஞ்சுப் பெண், அம்மா முந்தானையால் பிடித்துச் சோற்றுப் பானையை இறக்குவதை எழுந்து நின்று செய்து காட்டினாள். துணி ஏன் சுடவில்லை என்று கேட்டேன். அதற்கே பத்து நிமிடம் போனது. மணி அடித்தபோது பாதிப் பாடம் மிச்சம் இருந்தது.

பாடம் முடிக்கப்படவில்லை, வகுப்பில் கட்டுப்பாடு இல்லை என்று தேர்வாளர் எழுதினார். அவர் எழுதியது இரண்டும் உண்மைதான். ஆனால் அந்த வருடத்தில் நான் உருப்படியாக நடத்திய பாடம் அது ஒன்றுதான் என்று எனக்குத் தெரிந்தது.

தேர்வு முடிவு வந்தது. இரண்டாம் வகுப்பு. வீட்டுக்கு எழுதும்போது அந்தப் பாடத்தைப் பற்றியே ஒரு முழுப் பக்கம் எழுதினேன். அப்பாவின் பதில் இன்லண்ட் லெட்டரில் வந்தது. முதல் வகுப்பு வந்திருக்கலாம், பரவாயில்லை, ரயில் டிக்கெட் எந்தத் தேதிக்கு எடுத்திருக்கிறாய் என்று கேட்டிருந்தார். அந்தப் பக்கத்தைப் பற்றி ஒன்றும் இல்லை. மடித்த ஓரத்திலும் ஏதாவது எழுதியிருக்கிறாரா என்று திருப்பிப் பார்த்தேன். பிறகு தேதியை மட்டும் எழுதிப் போட்டேன்.