கள்ளிப்பழச் சிவப்பு

இடுக்கியில் பிடித்த சப்பாத்திக்கள்ளிப் பழத்தை, "வாடா ராசா, குளிக்கலாம்" என்று கல்லுப்பில் போடுகிறாள் வேலம்மாள். மேலே ஒரு கோணிச் சாக்கைப் போட்டு, உள்ளங்கையால் அழுத்தி உருட்டுகிறாள். கண்ணுக்குத் தெரியாத பூமுள்ளெல்லாம் உப்போடு போய்விடும். மற்ற ஊர்களில் மணலில் தேய்ப்பார்களாம். மரக்காணத்தில், அதுவும் உப்பளத்தில் வேலை செய்கிறவளுக்கு, உப்புக்கா பஞ்சம்?

அப்படியும் நாலைந்து முள் அவள் விரலில் குடியேறும். விரலைத் தலைமுடியில் பரபரவென்று தேய்த்துக்கொண்டு அடுத்த பழத்துக்குப் போய்விடுவாள். பழத்தைப் பிளந்ததும், நடுவில் பதுங்கியிருக்கும் நட்சத்திர முள்ளைக் கத்தி முனையால் தோண்டி எறிவாள். சதையைப் பழைய வேட்டித் துணியில் பிழிவாள். விதை துணியில் நின்றுவிட, சாறு ஒழுகும். அப்போது பார்த்தால், கோழி அறுத்த இடம் மாதிரி இருக்கும். "அடுப்புல வெச்சா சத்து ஓடிப்பூடும்" என்று பச்சையாகவே வைத்து, கொஞ்சம் கருப்பட்டி கலப்பாள்.

எல்லாம் மகள் நிவேதாவுக்காக. அவளுக்கு ஆறு மாசம். "ரத்தம் எட்டுதான் இருக்குது, இப்படியே போனா பிரசவத்துல கஷ்டம்" என்று நர்ஸ் சொன்ன அன்றிலிருந்து வேலம்மாள் வேலி வேலியாக அலைகிறாள். "மாத்திரையும் முழுங்கு, இதையும் குடி. செகப்போட செகப்பு சேரும்." அவள் படித்த டாக்டர் படிப்பு அவ்வளவுதான்.

புருஷன் அப்பாதுரைக்கு அதைப் பார்த்தாலே இளக்காரம். "ஆடுகூட மோந்து பாக்காததைக் கொணாந்து பெத்த பொண்ணுக்கு ஊத்துறியே! ஒரு சொட்டு என் வாயில படாது."

அரை டம்ளரில் தொடங்கியவள், ஒரு நாள் சாயங்காலம் ஆசை மீறி ஒரு சொம்பே கொடுத்துவிட்டாள். மறுநாள் காலை கழிப்பறையிலிருந்து நிவேதா அலறினாள்.

"ம்மா! ரத்தம்மா!"

வேலம்மாள் எட்டிப் பார்த்தாள். வெள்ளைப் பீங்கானில் சிவப்பு. அளத்து வரப்பில் பாம்பைக் கண்டால் மண்வெட்டியோடு துரத்துகிறவள், அசையாமல் நின்றாள். காது அடைத்துப்போனது. மகள் வாய் அசைவது தெரிந்தது, சத்தம் வரவில்லை. புள்ள போச்சு. என் கையாலயே ஊத்திக் கொன்னுட்டேன். அது ஒன்றுதான் உள்ளே ஓடியது.

ஷேர் ஆட்டோவில் மூவரும் ஏறினார்கள். ஸ்பீடு பிரேக்கர் வந்தால் வேலம்மாள், "ஏம்பா, மெதுவா போப்பா!" தாண்டினால், "இன்னாப்பா ஊர்ற, வெரசாப் போ!" டிரைவருக்கு எந்தக் காலை அழுத்துவதென்றே தெரியவில்லை. அப்பாதுரை மட்டும் தன் வயிற்றைத் தடவிக்கொண்டே வந்தான்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் நிவேதாவின் வயிற்றில் கருவியை வைத்தாள். டக்டக்டக்கென்று குதிரை ஓடியது. "துடிப்பு நல்லா இருக்குதும்மா" என்றாள். வேலம்மாள் நம்பவில்லை. மிஷின் சத்தம் மிஷினுக்குள்ளேயே இருந்து வராதா?

யூரின் டெஸ்ட் எடுத்துப் பார்த்துவிட்டு நர்ஸ் திரும்பி வந்தாள். "இதுல ரத்தமே இல்லை. நேத்து இன்னா சாப்ட்ட? பீட்ரூட்டா?"

அந்த நேரம் பார்த்து ஆண்கள் கழிப்பறையிலிருந்து அப்பாதுரை வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தான். தினம் மண் வரப்பில் ஒன்றுக்குப் போகிறவனுக்கு நிறம் இன்றைக்குத்தான் தெரிந்திருக்கிறது.

"சிஸ்டர், எனக்கும் செகப்பாப் போவுது! நான் செத்தேன்!"

வேலம்மாள் மெல்லத் திரும்பினாள். "யோவ், நீ எப்பய்யா குடிச்ச?"

"நேத்து சொம்புல மிச்சம் இருந்துச்சு. வீணாப் போவுதேன்னு…"

என்ன குடித்தார்கள் என்று வேலம்மாள் சொன்னதும் நர்ஸ் சிரித்துவிட்டாள். "அது கள்ளிப்பழத்தோட கலரும்மா. நல்ல பழம்தான். அதுல இருக்கிற வைட்டமின் சி, மாத்திரையோட இரும்புச்சத்தை உடம்புல சேர்க்கும். ஆனா மாத்திரையை வுட்றாதீங்க." வேலம்மாளின் முகம் இன்னும் வெளுத்தே இருப்பதைப் பார்த்து, கருவியை மறுபடி வயிற்றில் வைத்தாள். "நீயே கேளு."

"அப்ப எனக்கு ஒண்ணும் இல்லியே சிஸ்டர்? எதுக்கும் அந்த மிஷினை எனக்கும் ஒருவாட்டி வெச்சுப்…"

வேலம்மாள் மகள் வயிற்றருகே காதைச் சாய்த்தபடியே, கையை நீட்டி அவன் வாயை இறுகப் பொத்தினாள்.