இரண்டு சிப்போடு பதினோரு கிலோமீட்டர்

வனஜா ஓட ஆரம்பித்தது நாற்பத்திரண்டாவது வயதில். அதுவரை பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடியதில்லை. கணவர் சந்திரசேகரன் இறந்து ஆறு மாதம் கழித்து அவளுக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்தது. டாக்டர் நடக்கச் சொன்னார். தினமும் விடிந்ததும் அல்சூர் ஏரியோரமாக நடந்தாள். நடை எப்போது ஓட்டமானது என்று அவளுக்கே சரியாக நினைவில்லை. இரண்டு வருடத்தில் பத்து கிலோமீட்டரை நிற்காமல் ஓடுகிறவளாகியிருந்தாள்.

வேலை ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியின் டிரான்ஸ்போர்ட் பிரிவில். ஊழியர்களுக்குக் கேப் ஏற்பாடு செய்ய வேண்டும். யார் எங்கே குடியிருக்கிறார்கள், யார் டிரைவரைக் காக்கவைப்பார்கள், யார் காக்கவைத்துவிட்டு அவரையே திட்டுவார்கள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அவளைப் பற்றி அங்கே யாருக்கும் அதிகம் தெரியாது.

போன வருடம் கம்பெனியிலிருந்து ஒரு மெயில் வந்தது. ஒரு தர்ம ஆஸ்பத்திரியின் டயாலிசிஸ் பிரிவுக்காக இருபத்தைந்து கிலோமீட்டர் ஓட்டம். கம்பெனி சார்பில் நான்கு பேர் கொண்ட அணி. நால்வரும் மூன்றரை மணி நேரத்துக்குள் சேர்ந்து கோட்டைத் தாண்டினால் ஆஸ்பத்திரிக்குக் கம்பெனி இரண்டு மெஷின் வாங்கித் தரும்.

மெயிலைப் படித்து முடித்தவுடனே வனஜா பெயர் கொடுத்துவிட்டாள். சந்திரசேகரனை வாரம் இரண்டு முறை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போனவள் அவள். மெஷின் காலியாகும்வரை கால் வீங்கி, மூச்சு இழுத்துக்கொண்டு அவர் வராந்தா நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். வேறு நல்ல நேரம் கிடைக்குமா என்று ஒருமுறை கேட்டபோது, யாராவது போய்ச் சேர்ந்தால்தான் என்று நர்ஸ் பதில் சொன்னாள். கெட்ட மனசில் சொல்லவில்லை. உண்மை அதுதான்.

அணிக்குத் தலைவர் பிரகாஷ். வனஜாவின் பிரிவுக்கு மேலதிகாரியும் அவரே. மற்ற இருவர் ஸ்னேஹா, யுவன்; முப்பதைத் தொடாதவர்கள். மூன்று மாதம் ஞாயிறுதோறும் பயிற்சி நடந்தது. பிரகாஷ் இரண்டு ஞாயிறு வந்தார். இரண்டுமே ஓடி முடித்து மல்லேஸ்வரத்தில் டிபன் சாப்பிடுவதாகப் பேசிவைத்திருந்த ஞாயிறுகள்.

ஓட்ட நாளன்று ஒவ்வொருவருக்கும் ஷூ நாடாவில் கட்டிக்கொள்ள ஒரு சிப் கொடுத்தார்கள். வழியில் ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு பாய் விரித்திருக்கும். அதன்மேல் கால் பட்டால் பீப் என்று சத்தம் வரும், நேரம் பதிவாகும்.

பதினான்காவது கிலோமீட்டரில் பிரகாஷ் பிளாட்பாரத்தில் உட்கார்ந்துவிட்டார். தொடை பிடித்துக்கொண்டது என்றார். கொஞ்சம் தேய்த்துவிட்டுக்கொண்டபின், குனிந்து தன் சிப்பைக் கழற்றினார்.

"வனஜா, நீங்கதான் ஸ்டெடியா ஓடறீங்க. இதை இன்னொரு ஷூவுல கட்டிக்கோங்க. நான் முடியற எடத்துகிட்ட வந்து சேந்துக்கறேன்."

"தப்பில்லையா சார்?"

"நாலு பேரும் முடிச்சாதான் மெஷின். உங்களுக்கு மெஷின் வேணுமா வேணாமா, அதைச் சொல்லுங்க."

அவள் யோசித்தாள். அதிக நேரமில்லை. வராந்தா நாற்காலி கண்ணுக்குள் வந்தது. வாங்கி இடது ஷூவில் கட்டிக்கொண்டாள். பிரகாஷ் கையைக் காட்டி ஓர் ஆட்டோவை நிறுத்தி, மீட்டர் போடச் சொல்லி வாதாடிக்கொண்டே ஏறிப் போனார். ஏறும்போது தொடையில் வலி இருந்ததாகத் தெரியவில்லை.

யுவன் சிரித்தான். ஸ்னேஹாவும் சிரித்தாள். மூவரும் ஓடினார்கள். அடுத்த பாயை மிதித்தபோது வனஜாவின் கால்களுக்கு மட்டும் இரண்டு தரம் பீப் அடித்தது. ஓரத்தில் பனியனோடு நின்ற ஒரு பெரியவர் கைதட்டி, பேஷ் பேஷ் என்றார். அவர் முகத்தைப் பார்க்க அவளுக்குக் கூசியது. தண்ணீர் வைத்திருந்த இடங்களில் கீழே கொட்டிய சர்க்கரைத் தண்ணீர் பிசுபிசுத்து, வாழைப்பழத் தோலும் காகிதக் குவளையும் காலில் ஒட்டின. எதை மிதித்தாலும் தன்மேலேயே அழுக்கு ஏறுவதுபோல் இருந்தது. இருபதாவது கிலோமீட்டரில் மறுபடி இரண்டு பீப். 

முடிவுக் கோட்டுக்கு முன் ஒரு வளைவு. அங்கே நிறுத்தியிருந்த மினிபஸ்ஸுக்குப் பின்னால் பிரகாஷ் நின்றிருந்தார். பக்கத்தில் வந்தபோது காபியும் வெங்காயச் சட்னியும் மணத்தன. சாப்பிட்டிருந்தார். ஒரு பாட்டில் தண்ணீரைத் திறந்து தலையில் ஊற்றிக்கொண்டார். பிறகு கழுத்தில். பிறகு பனியனை விலக்கி இரண்டு அக்குளிலும் நிதானமாக, அளவாக ஊற்றிக்கொண்டார். யாரும் சொல்லாமலே யுவன் குனிந்து ரோட்டுப் புழுதியை எடுத்து அவர் ஷூவில் பூசிவிட்டான்.

சிப்பைத் திருப்பிக் கட்ட வேண்டும். வனஜாவுக்கு முதுகு மடங்கவில்லை. ஸ்னேஹா அவள் ஷூவிலிருந்து கழற்றி, பிரகாஷ் நீட்டிய காலில் முடிச்சுப் போட்டாள். நால்வரும் கை கோத்துக்கொண்டார்கள். அவர் கை சில்லென்று ஈரமாக இருந்தது. கோட்டைத் தாண்டியபோது மூன்று மணி நேரம் பதினோரு நிமிடம்.

மேடையில் பிரகாஷிடம் மைக்கைக் கொடுத்தார்கள். பதினான்காவது கிலோமீட்டரில் அணியில் ஒருவர் இனி முடியாது என்று ரோட்டில் உட்கார்ந்து அழுததாகவும், தான் கையைப் பிடித்துத் தூக்கி, அந்த நோயாளிகளை நினைத்துப்பாருங்கள் என்று சொல்லி ஓடவைத்ததாகவும் சொன்னார். சொல்லிவிட்டு வனஜாவைப் பார்த்துப் புன்னகைத்தார். கூட்டம் அவளுக்காகக் கைதட்டியது.

அவள் மேடைக்குப் பின்னால் போய் வாந்தியெடுத்தாள். மஞ்சள் தண்ணீர்தான் வந்தது.

வெள்ளைப் புடவை கட்டிய ஒரு பெண்மணி வந்து அவள் தலையைப் பிடித்துக்கொண்டார். அந்த ஆஸ்பத்திரியின் டாக்டர் நிருபமா. வாய் கொப்பளிக்கத் தண்ணீர் கொடுத்து, கன்னடத்தில் பேச்சுக் கொடுத்தார். இனி மெஷின் எப்போது வரும் என்று வனஜா கேட்டாள். டாக்டர் புரியாமல் பார்த்தார். மெஷின்கள் வந்து இரண்டு மாதமாகிறதே, இரண்டும் ஓடிக்கொண்டிருக்கின்றன என்றார். ஓடி முடித்தால்தான் தருவதாகச் சொன்னார்களே என்றாள் இவள்.

"அது உங்களை ஓடவைக்கச் சொன்னதா இருக்கும்மா. அவங்களுக்கு இன்னிக்கு வேண்டியது போட்டோ."

வனஜா வாயைத் துடைத்துக்கொண்டாள். பிறகு எழுந்து, ஓட்ட நேரங்களைச் சரிபார்க்கும் பந்தலுக்குப் போனாள். தினேஷ் என்ற இளைஞர் லேப்டாப்போடு இருந்தார். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். அவர் சங்கடப்பட்டார்.

"மேடம், எழுதினா உங்க டைமும் போயிடும். சிப்பைத் தூக்கிட்டு ஓடினவங்க பேரையும் அடிச்சுடுவோம். நீங்க நெஜமாவே முழுசா ஓடியிருக்கீங்க, பாவம்."

"தூக்கிட்டு ஓடினது நான்தான். எழுதிக்கோங்க."

அந்த நேரத்தை வைத்துக்கொள்ள அவளுக்கு ஆசையாகத்தான் இருந்தது. வாழ்க்கையில் முதல் இருபத்தைந்து கிலோமீட்டர். மாலையில் முடிவுப் பட்டியலைத் தேடிப் பார்த்தாள். அணியும் இல்லை, அவளும் இல்லை.

திங்கட்கிழமை பிரகாஷ் கூப்பிட்டு அனுப்பினார். கோபப்படவில்லை. உட்காரச் சொல்லி, உடம்பு எப்படி என்று விசாரித்தார். பிறகு, சோர்வில் ஏதோ மாற்றிச் சொல்லிவிட்டதாக ஓட்டத்தை நடத்தியவர்களுக்கு ஒரு மெயில் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றார்.

"எனக்குச் சோர்வு இல்ல சார். வாந்தி வந்தது உங்க பேச்சைக் கேட்டு. சிப்பைக் கட்டிக்கிட்டது என் தப்பு, அதையும் அங்க சொல்லிட்டேன். மெயில் போட மாட்டேன்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பி, போகலாம் என்று கையசைத்தார். வேலையிலிருந்து அவளை எடுக்கவில்லை. எடுத்தால் காரணம் எழுத வேண்டியிருக்கும். ஸ்னேஹா அவளோடு பேசுவதை நிறுத்தினாள். யுவன் ஒருநாள் கேன்டீனில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மனசு கஷ்டமாக இருக்கிறது அக்கா என்றான். அவள் இளகிப்போய் ஏதோ சொல்லவந்தாள். அதற்குள் அவன், ஷூவில் புழுதி பூசியதை மட்டும் யாரிடமும் சொல்லிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். அவள் பாதிச் சாப்பாட்டோடு எழுந்து போனாள்.

கம்பெனி வரவேற்பறையில் ஆளுயரத்துக்கு அந்தப் போட்டோவை மாட்டியிருக்கிறார்கள். நால்வரும் கையை உயர்த்தி நிற்கிறார்கள். நடுவில் பிரகாஷ், நனைந்து. தன் முகத்தையாவது எடுத்துவிட முடியுமா என்று வரவேற்பில் இருக்கும் சௌம்யாவைக் கேட்டாள். பிரகாஷ் சாரிடம் கேட்க வேண்டும் மேடம் என்றாள் சௌம்யா.

இப்போது வனஜா அந்தப் பக்கம் போவதில்லை. பின்புறம் சாமான் ஏற்றும் படிக்கட்டு வழியாக ஏறிப் போகிறாள். நான்கு மாடி. மூச்சு வாங்குவதில்லை. ஆனால் மேலே கதவைத் திறக்குமுன் ஒரு நிமிடம் நின்று முகத்தைச் சரிசெய்துகொள்ள வேண்டியிருக்கிறது.