முன்கேட்டின் பூட்டும் ஜெசிந்தா ஆன்ட்டியின் நங்கூரமும்

நேற்று பள்ளியிலிருந்து வந்ததும் அம்மா போனை நீட்டினாள். நம் குடியிருப்போர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் செயலாளர் எழுதியிருந்தார்: ‘கீழ்த்தளம் ஜெசிந்தா மாரடைப்பில் காலமானார். உடலைப் பின்கேட் வழியாகவே கொண்டுவர வேண்டும்.’ இரங்கல் ஒரு வரிகூட இல்லை.

ஜெசிந்தா ஆன்ட்டியை அறிந்த உங்களுக்கு அந்த விதியும் தெரியும். முன்கேட்டில் பிணம் நுழைந்தால் வீடுகளின் மதிப்பு குறையுமாம். பின்கேட்டுக்கோ நம் டெலானிபூர் மேட்டின் சரிவில் பாசி பிடித்த படிகள்தான் வழி. போன மழைக்காலத்தில், மேல்தளத்து வங்காளித் தாத்தாவை அந்தப் படிகளில் தூக்கி வந்தவர்கள் வழுக்கினார்கள். தாத்தாவின் உடல் உருண்டு, முகம் கல்லில் கிழிந்தது. பாட்டியின் அலறல் கேட்டு ஜெசிந்தா ஆன்ட்டி வெளியே வந்தார். கையில் அவர் கணவருடைய டிங்கிப் படகின் நங்கூரம். செயலாளர் பூட்டிக் காவல் நின்ற முன்கேட்டுக்கு நேராகப் போனார்.

“ஏ செக்ரட்டரி, தாலாவத் திறக்கியா, உடைக்கவா?”

“அரே, ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதாம்மா.”

“அப்போ நீ செத்தா உன்னையும் அந்தப் படியிலதான் உருட்டணும். சம்மதமாலே?”

ஆன்ட்டி பூட்டை அடித்தார். செயலாளர் பின்னாலிருந்து அவர் கூந்தலைப் பிடித்து, முகத்தைக் கம்பியில் மோதினார். மூக்கு உடைந்தது. ஆன்ட்டி திரும்பி வீசிய நங்கூரம் செயலாளரின் தோளில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் எங்கள் ஜன்னல்வரை கேட்டது. “நமக்கு எதுக்கு வம்பு” என்று அம்மா ஜன்னலைச் சாத்தினாள்.

பிறகொரு நாள், வீங்கிய முகத்தோடு மீன் கழுவியபடி ஆன்ட்டி என்னிடம் சொன்னார்: “பூட்டத்தான் அடிச்சேன், ஏட்டி. நடுவுல அவன் தோளு வந்துட்டு.”

அன்று பூட்டு உடையவில்லை; ஆனாலும் சங்கம் இன்னும் பெரிய பூட்டைப் போட்டது.

நேற்று மாலை ஆன்ட்டியின் உடலோடு வண்டி அந்தப் பூட்டின் முன் நின்றது. “பீச்சே ஜாவ், பின்னாடி போங்க” என்றார் செயலாளர். ஆன்ட்டியின் கணவர் தலைகுனிந்து படிகளை நோக்கித் திரும்பினார். அப்போது, ஆன்ட்டி வீட்டு வாசலில் கிடந்த நங்கூரத்தை இழுத்துக்கொண்டு ஒரு பெண் வந்தாள். என் அம்மா.

முதல் அடியில் தெறித்த இரும்புத் துண்டு அம்மாவின் கன்னத்தைக் கிழித்தது. செயலாளர் அவள் கையை முறுக்கினார். நான் அவர் மணிக்கட்டைக் கடித்தேன். வாயெல்லாம் ரத்தம் உப்புக் கரித்தது. அம்மா மறுபடி ஓங்கினாள். பூட்டு விழுந்தது.

ஜெசிந்தா ஆன்ட்டி முன்கேட் வழியாகவே வீடு வந்தார்.

“நங்கூரத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்” என்று அவர் கணவர் அம்மாவிடம் சொல்லிவிட்டார். அது எங்கள் வாசலில் இருக்கிறது. இன்று காலையில் முன்கேட்டில் புதிய பூட்டு தொங்கியது. அம்மா ஜன்னலைச் சாத்தவில்லை.